பத்தொன்பது கோப்பைகளும் ஒரு தொண்டையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூருல் இனாயா புருஷனின் சட்டைகளை வேக வைத்தாள். துவைக்கவில்லை, வேகத்தான் வைத்தாள். கிணற்றடியில் மூன்று கல்லைக் கூட்டி, பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீரை ஏற்றி, ஒரு கை சலவைச் சோடாவைப் போட்டாள். அது தளதளவென்று கொதித்ததும் நான்கு வெள்ளைச் சட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கொய்யாக் கம்பில் தூக்கி உள்ளே விட்டாள். சாரைப்பாம்பைத் தூக்குகிறவள் மாதிரி கையை நீட்டி, முகத்தைத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு. ஒன்பது வருஷமாக வாரம் தவறாமல் நடக்கிற வேலை.

குசினி வாசற்படியில் குந்தியிருந்த ஷுக்ரி பிளேன்டியை உறிஞ்சினான்.

"புரியாணி எப்ப எறக்குவீங்க?"

"ஒங்கட சளிச் சட்டைக்கு மசாலா ஒண்டுதான் கொற" என்றாள் இனாயா. "பண்டாரவளைலருந்து நானா ஆள் அனுப்பி ஈக்கிறார். இரும்புக் கடையில கல்லாவுல ஆளில்லையாம். ஆணிக்கும் பூட்டுக்கும் இருமல் வராது. யோசிங்க."

ஷுக்ரி யோசித்தான். ஆணிக்கு இருமல் வராது என்பதுதான் அவனுக்கு அந்த மச்சான் கடையில் பிடிக்காத விஷயம்.

பதுளை பஸாரில் அவனுடைய வாப்பாவுக்குப் புடவைக் கடை இருந்தது. பள்ளிக்கூடம் முடித்த நாள் முதல் நான்கு வருஷம் அங்கே நின்று கெஜக்கோலால் சீத்தைத் துணி அளந்தான். நான்கு வருஷத்தில் வாங்க வந்தவர்களிடம் அவன் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி: சாயம் போகுமா? இன்னும் குறைக்க மாட்டீங்களா? சுகாதாரப் பரிசோதகர் பரீட்சை எழுதிப் பாஸான அன்று கெஜக்கோலை வாப்பாவின் மடியில் வைத்துவிட்டு நடையைக் கட்டினான். நாலைந்து இடம் சுற்றி, கடைசியில் பதுளை டவுனிலேயே சயரோக கிளினிக்கில் வந்து விழுந்தான். ஒரு ஆளுக்கு நெஞ்சில் வருத்தம், அதாவது சயரோகம், என்று தெரிந்தால், அந்த ஆளோடு ஒரே கூரைக்குக் கீழ் மூச்சு விட்டவர்கள் யார் யார் என்று தேடிப் போய், பேரை எழுதி, சளியை வாங்கி வர வேண்டும். அதுதான் உத்தியோகம். தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் அவனுக்கு வைத்த பேர் சளியய்யா.

அந்தப் பேரை அவன் ஒரு பட்டம் போலச் சுமந்தான். இருமல்களை வகை பிரிப்பதில் அவனை மிஞ்ச ஊவா மாகாணத்தில் ஆளில்லை. சுருட்டு இருமல், அடுப்புப் புகை இருமல், தொரை வருகிறார் என்று கங்காணிக்குச் சாடை காட்டுகிற இருமல், மருமகள் தூங்குகிறாளா என்று பார்க்கிற மாமியார் இருமல் என்று எல்லாம் இருமிக் காட்டுவான். கலியாண வீடுகளில் அவனைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். இனாயா மட்டும் அந்தக் கூட்டத்தில் நிற்க மாட்டாள். "சிரிச்சி முடிச்சிட்டு அந்தக் கைய கழுவுங்க" என்பாள்.

1968ஆம் வருஷம் அது. நமுனுகுல மலையடியில் ஊசிமலைத் தோட்டம் அவன் தொண்டையில் முள்ளாகக் கிடந்தது. தேயிலை ஃபெக்டரியில் சல்லடை போடுகிற லிங்கத்துக்கு வருத்தம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு மாதம். லிங்கத்தோடும், லயம் என்கிற அந்த வரிசை வீட்டில் அடுத்த காம்பராக்களிலும் தூங்குகிறவர்கள் என்று ஷுக்ரி பத்தொன்பது பேரை எழுதியிருந்தான். பத்தொன்பது மெழுகுத்தாள் கோப்பை கொடுத்தான். திரும்பி வந்தது மூன்று. அதிலும் ஒன்றில் தேங்காயெண்ணெய் இருந்தது.

அவன் போகாமல் இல்லை. ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்பில் இறங்கி, நாலு மைல் அட்டைக்கடியோடு ஏறுவான். அவன் போய்ச் சேரும் நேரம் லயத்தில் கோழிகளைத் தவிர ஒருவரும் இருக்க மாட்டார்கள். சனமெல்லாம் மலையில் கொழுந்து எடுக்கும். மலைக்கே போய்க் கூப்பிட்டால், தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா தங்கராஜா பின்னாலேயே குடையோடு ஓடி வருவார்.

"வேல நேரத்துல ஆளைக் கூப்புடக் கூடாது மிஸ்டர். தொரை என்னையத்தான் கேப்பாரு. என் தோட்டத்துல வருத்தம் இருந்தா எனக்குத் தெரியாதா?"

"லிங்கத்துக்கு நீங்க எவ்வளவு நாள் இருமல் மருந்து குடுத்தீங்க?"

"எட்டு மாசம்."

"எட்டு மாசமும் தெரிஞ்சி இருந்திச்சா?"

அன்றிலிருந்து தங்கராஜா அவனுக்குத் தேத்தண்ணி கொடுப்பதில்லை.

கிளினிக் டொக்டர் மாதக் கடைசியில் பட்டியலைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கொழும்பிலிருந்து வந்த மனிதர். பதுளையில் மூன்று வருஷமிருந்து தமிழைப் புத்தகம் வைத்துப் படித்திருந்தார்.

"பத்தொன்பது பேர். மூன்று கோப்பை. மிஸ்டர் ஷுக்ரி, மற்றப் பதினாறு பேர் மூச்சு விடுவதில்லையா?"

பஸ் எத்தனை மணிக்கு, மலை எவ்வளவு உயரம் என்பதற்கெல்லாம் அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை.

ஆகவே திங்கட்கிழமை ஷுக்ரி முதல் பஸ்ஸைப் பிடித்தான். விடியக்காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கச் சனம் கூடுகிற இடத்தில், கங்காணிமாரின் நடுவே ஒரு கல்லில் ஏறி நின்றான். குளிரில் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டு நின்றார்கள். அவன் நாலு வகை இருமலை இருமிக் காட்டினான். சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்த உற்சாகத்தில் உள்ளதைத்தான் சொன்னான்:

"சளி தாங்க. எச்சில் வேணாம், அடி நெஞ்சிலருந்து வாற சளி. அதுல வருத்தம் ஈக்கிண்டு கண்டா அரசாங்கம் சும்மா மருந்து தரும். பால்மா டின்னும் தரும்."

இறங்கிப் பத்தொன்பது பேருக்கும் மறுபடி புதுக் கோப்பை கொடுத்தான். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அந்தச் சொற்கள் பெரட்டுக்களத்திலிருந்து மலைக்கு ஏறி, மலையிலிருந்து லயத்துக்கு இறங்குவதற்குள் வேறு உருவம் எடுத்துவிட்டன. நல்ல சளி கொடுத்தால் டின் உண்டு, வெறும் எச்சில் துப்பினால் கிடையாது. இவ்வளவுதான் ஊசிமலைக்குப் போய்ச் சேர்ந்தது. அரிசிக்கும் மாவுக்கும் கூப்பன் காட்டிப் பழகிய சனம். தரம் பார்த்துத்தான் அரசாங்கம் தரும் என்பது அவர்களுக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

புதன்கிழமை ஷுக்ரி போனபோது ஐந்தாம் லயத்து இஸ்தோப்பில், அந்த ஒடுக்கமான முன்விறாந்தையில், கோப்பைகள் வரிசையாக நின்றன. அவன் இரண்டு தரம் எண்ணினான். பத்தொன்பது. மூடி போட்டு, பேர் எழுதி, ஒவ்வொன்றும் கனமாக.

லிங்கத்தின் தகப்பன் இராமையா, பழைய கங்காணி, தலைப்பாகை கட்டிக்கொண்டு பக்கத்தில் காவல் நின்றார்.

"பாத்துக்கங்க சளியய்யா. ஒண்ணு ஒண்ணும் மொத தரம். எங்க லயத்துச் சளிய எங்க கொண்டு போயும் காட்டலாம்."

"கங்காணியார், இவ்வளவு நாளும் எங்க வெச்சிருந்தீங்க இத?"

"கேக்குற மாதிரிக் கேட்டாத்தானேய்யா வரும்!"

ஷுக்ரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு மைலையும் பாடிக்கொண்டே இறங்கினான். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த கிழவி மோந்து பார்த்து, "தொதல் இனிப்பாப்பா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இது அதவிடப் பெறுமதி."

"முட்டையாக்கும்" என்று கிழவி தானே முடிவு செய்து, ஒவ்வொரு வளைவிலும் ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொடுத்தாள்.

வீட்டில் அன்று அவன் கிணற்றடியில் சட்டை மாற்றும்போதே சத்தம் போட்டான். "இனாயா! பத்தொம்பதுக்குப் பத்தொம்பது!" அவளும் சந்தோஷப்பட்டாள். எதற்கென்று சரியாக விளங்காமலே வட்டிலப்பம் செய்தாள்.

மறுநாள் பின்னேரம் பரிசோதனைக்கூடத்து வாஹித் வாசலில் நின்று விரலால் அவனைக் கூப்பிட்டான். அந்தப் பொடியன் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்து வைத்தே ஒரு கண் சுருங்கிப்போனவன்.

"நானா, பதினேழு."

"என்ன பதினேழு?"

"பத்தொம்பதுல பதினேழுல வருத்தம் ஈக்கி. லேசா இல்ல. கிருமி பெருநாள் சந்தை மாதிரி நெருக்கிக்கிட்டு நிக்கிது." குரலைத் தாழ்த்தினான். "அது மட்டுமில்ல. பதினேழும் ஒரே நிறம். ஒரே கொழகொழப்பு. பதினேழுலயும் வெத்தலத் துண்டு. இதுல ஒரு கோப்பை ஆறு வயசுப் புள்ளைட. ஆறு வயசுப் புள்ள வெத்தல போடுமா?"

டொக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அது இன்னும் மோசமான அடையாளம்.

"உலகத்தில் எங்கேயும் இப்படி இல்லை. ஒன்று, தீபாவளிக்கு முன்னால் அந்த லயத்தில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இல்லாவிட்டால், பட்டியலை நிரப்ப நீங்கள் ஒரு ஆளின் சளியை வீட்டில் வைத்துப் பங்கு போட்டீர்கள்."

"பங்கு போடுறதுக்கு அது என்ன டொக்டர், குர்பான் இறைச்சியா?"

டொக்டர் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு புதுக் கோப்பையை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

"துப்புங்கள்."

பன்னிரண்டு வருஷம் ஊரார் சளியை வாங்கிய மனிதன் அன்று தன்னுடையதைக் கொடுத்தான். இலேசில் வரவில்லை. வெளியே யன்னலோரம் நின்று காறினான், குனிந்தான், நெஞ்சில் குத்தினான். வரிசையில் இருந்த நோயாளிகள் எழும்பி வந்து உற்சாகப்படுத்தினார்கள். "இன்னும் கொஞ்சம் அய்யா, இந்தா வந்திருச்சு!" கடைசியில் வந்ததில் ஒன்றுமில்லை என்று வாஹித் எழுதிக் கொடுத்தான்.

"நல்லது" என்றார் டொக்டர். "அப்படியானால் இந்தப் பதினேழு கோப்பைக்கும் சொந்தமான தொண்டை எங்கோ நடமாடுகிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அதை இந்த அறைக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் திங்கட்கிழமை நீங்கள் பிபிலை. மலேரியா மருந்தடிக்கிற கூட்டத்தோடு."

பிபிலைப் பக்கம் அப்போது மலேரியா மறுபடி தலையெடுத்திருந்தது. இனாயா கேட்டதும் கரண்டியை வைத்தாள்.

"பிபிலைக்கு நான் வர மாட்டேன். புள்ளைகளையும் விட மாட்டேன். வெள்ளிக்கிழம கழிஞ்சா நீங்க பண்டாரவளைதான்." சொல்லிவிட்டு முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷுக்ரிக்கு ஆணிகளும் பூட்டுகளும் கண் முன்னால் ஆடின. ஒன்று கூட இருமவில்லை.

திங்கள் ஊசிமலையில் அவன் கால் வைத்ததும் லயமே வாசலுக்கு வந்தது.

"டின்னு எங்கய்யா?"

"டின் வரும். அதுக்கு முந்தி ஒண்டு சொல்லுங்க. இந்தச் சளி யார்ட?"

"அவங்கவங்களோடது."

"பதினேழு பேருக்கும் ஒரே சளியா?"

"ஒரே பீலித் தண்ணிதானேய்யா குடிக்கிறோம்" என்றார் இராமையா, முகத்தில் ஒரு தசை அசையாமல். "ஒரே ஃபெக்டரித் தூசு. ஒரே ரேசன் அரிசி. சளி மட்டும் வேற வேறயா வருமா?"

ஷுக்ரி ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். வெற்றிலையைப் பிடித்துப் போகலாம் என்றால், ஊசிமலையில் வெற்றிலை போடாதது மாரியம்மன் கோயில் சிங்கம் மட்டும்தான்.

காதை நம்பினான். லயத்துப் பின்பக்கம், ஃபெக்டரி வாசல், மலைத்தண்ணீர் விழுகிற பீலி என்று நின்று நின்று கேட்டான். சளியய்யா இருமலுக்கு அலைகிறார் என்று தெரிந்ததும் தோட்டம் முழுக்க இருமத் தொடங்கியது. கொழுந்து எடுக்கிற பெண்கள் மலையில் இந்த நிரையில் ஒருத்தி "ஹுக்" என்றால் அடுத்த நிரையில் ஒருத்தி "ஹக்" என்றாள். பிறகு ஒரே சிரிப்பு. செவ்வாய்க்கிழமை தோட்டத்து நாய் ஒன்றும் இருமியது. புதன்கிழமை மழை. தங்கராஜா தன் டிஸ்பென்சரி வாசலில் நின்று, நனைந்து வருகிறவனைப் பார்த்து, "கெடைச்சிச்சா மிஸ்டர்?" என்று கேட்டார். கேட்ட குரலில் தேன் வடிந்தது.

வியாழக்கிழமை பகல் ஷுக்ரி தோற்றுப்போனான். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. பிள்ளைக்காம்பராவின் படியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றி அட்டைகளைப் பிடுங்கினான். தாய்மார் மலையில் இருக்கும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. உள்ளே தாலாட்டுக் கேட்டது. தாலாட்டுக்கு நடுவே இருமல். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, அதற்கு அடியில் ஈரத்தில் எதையோ இழுக்கிற சத்தம்.  அதைச் செய்து காட்ட அவனுக்கு இன்னும் வந்ததில்லை.

ஒரு காலில் காலுறையோடும் ஒரு காலில் இரத்தத்தோடும் எழும்பி உள்ளே எட்டிப் பார்த்தான்.

உத்தரத்திலிருந்து எட்டுத் தூளிகள் தொங்கின. எட்டையும் ஒரே கயிற்றால் கோத்து, அந்தக் கயிற்றின் நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்திருந்தாள் கனகம். கால் ஒரு தரம் அசைந்தால் எட்டுப் பிள்ளையும் ஆடியது. இரண்டு கையும் சுற்றி உட்கார்ந்த பிள்ளைக் கூட்டத்தில் இரண்டுக்குக் கஞ்சி ஊட்டின. வாய் வெற்றிலை மென்றபடி பாடியது. நாற்பது வயதிருக்கும். முன்பு கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு உடைந்தவள். மலை ஏற முடியாதவளுக்குத் தோட்டம் கொடுத்த வேலை பிள்ளைக்காம்பரா ஆயா.

"வாங்கய்யா, வாங்க! டின்னு வந்திருச்சா?"

"வந்தது நான் மட்டுந்தான். ஒங்களுக்கு எவ்வளவு நாளா இந்த இருமல்?"

"கெடக்கு, தை மாசத்துலருந்து." அவளுக்கு வேறு விஷயம் அவசரமாக இருந்தது. "அய்யா, நம்ம சளி பாஸாயிருச்சாமே? பதினேழுன்னு சொல்றாங்க? ரெண்டு எப்படிப் பெயிலாச்சு?"

ஷுக்ரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அது ஒங்கடயா?"

"பின்ன? இந்தச் சனத்துக்கு எங்க வருது? துப்புனா வெறும் எச்சி. செவ்வாக்கெழம விடிய எங்க வாசல்ல நின்னுச்சு பாருங்க கூட்டம், பீலித் தண்ணிக்கு நிக்கிற மாதிரி. கனகாக்கா எனக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம்னு. எனக்குத்தான் காலையில அள்ளி அள்ளி வருமே. குடுத்தேன். எல்லாம் இந்தப் புள்ளைக வீடுதான். டின்னு வந்தா இதுக வாய்க்குத்தானே போகும். பதினேழாவது ஆளுக்கு வந்தப்ப எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்திருச்சு. அப்புறம் இராமையா வீட்டுல ரெண்டு பேரு, நாங்களே பாத்துக்கிறோம்னு போயிட்டாங்க. இப்பத் தெரியுது, அதுகதான் பெயிலு!"

ஷுக்ரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், மூக்கு வழியாக வந்தது. அவன் சிரித்ததைப் பார்த்துக் கனகமும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, கால் இழுபட, எட்டுத் தூளிகளும் தாறுமாறாக ஆடி, உள்ளே இருந்த பிள்ளைகளும் கெக்கலி கொட்டின. ஷுக்ரி இரண்டு அடி பின்னால் போய்ப் படிக்கு வெளியே நின்று சிரித்து முடித்தான்.

"நீங்க எனத்துக்கு ஒங்கட பேரக் குடுத்து எழுதல்ல?"

"நீங்கதான் எழுதல" என்றாள் கனகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க வந்து பேரு எழுதுனப்ப லிங்கத்துப் புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு அங்கதான் நின்னேன். லிங்கத்தோடயும் பக்கத்துக் காம்பராவுலயும் தூங்குறவங்க யாருன்னு கேட்டீங்க. நான் தள்ளிக் கடைசிக் காம்பராவுல தனியாத்தானே தூங்குறேன். கைய ஆட்டி அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கன்னீங்க."

அது உண்மை. பட்டியலில் தூங்குகிறவர்களுக்குத்தான் கட்டம் இருந்தது. பகல் முழுக்கப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டிருப்பவளுக்கு இல்லை. லிங்கத்தின் இரண்டு வயதுப் பெண் அவள் மடியில்தான் அப்போதும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு டவுனுக்கு வருவீங்களா?"

"எதுக்குங்க?"

"ஒங்களுக்கே ஒரு கோப்பை. ஒரு படமும் புடிப்பாங்க நெஞ்சுக்கு."

கனகம் கயிற்றை இழுத்தாள், விட்டாள். "தோட்டத்துக்குத் தெரிஞ்சா இந்த வேலை போயிரும்ங்கய்யா. எனக்கு மல ஏற முடியாது. இத விட்டா எனக்கு ஒண்ணுமில்ல."

பிள்ளைக்காம்பராப் பிள்ளைகள் அத்தனை பேரையும் எழுத வேண்டிவரும், எழுதினால் தோட்டத்துக்குத் தெரியாமல் இருக்காது என்று ஷுக்ரிக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் வரமாட்டாள். வராவிட்டால் பிபிலை.

"மொதல்ல வாங்க, பாப்பம்" என்றான்.

கனகம் வெள்ளிக்கிழமை தீபாவளிச் சேலையை உடுத்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கனகாம்பரம் செருகிக்கொண்டு வந்தாள். பக்கத்து வீட்டுக் குமரியை ஒரு நாளைக்குப் பிள்ளைகளோடு இருத்திவிட்டு, பல் வலி என்று சொல்லியிருந்தாள். அவள் டவுனைப் பார்த்து நாலு வருஷம். பஸ் நிறைந்த கூட்டம். அவள் ஒரு தரம் இருமினாள், முன் இருக்கை காலியாகியது. இரண்டாம் தரம் இருமியதும் பக்கத்து இருக்கையும் காலி.

"அய்யா, நீங்களும் காலை நீட்டுங்க" என்றாள். "மகாராசா மாதிரிப் போவோம்."

வழி நெடுக அவளுக்கு எல்லாம் புதினம். யன்னலை முழுக்கத் திறந்து அதன் பக்கம் அவளை உட்கார வைத்திருந்தான் ஷுக்ரி. காற்றில் சேலை பறக்க, பாலத்தையும் லொறியையும் ஒரு படம் ஒட்டிய சுவரையும் எட்டி எட்டிப் பார்த்தாள். டவுனில் இறங்கியதும் ஐஸ்பழம் வேண்டும் என்றாள். நெஞ்சு வருத்தக்காரிக்கு ஐஸ்பழமா என்று அவன் யோசிப்பதற்குள் சிவப்பில் ஒன்றை வாங்கி நக்கிக்கொண்டு, நாக்கை நீட்டி, "செவந்திருச்சாய்யா?" என்று கேட்டாள். நடு பஸாரில், வாப்பாவின் கடைக்கு எதிரே, ஷுக்ரி அவள் நாக்கைக் குனிந்து பார்த்து, "நல்லாச் செவந்திருச்சி" என்றான். அந்த நேரம் அவனைப் போலச் சந்தோஷமான மனிதன் பதுளையில் இல்லை.

கிளினிக்கில் கோப்பையை நீட்டியதும், "ஒண்ணே ஒண்ணா?" என்று கேட்டாள் கனகம். கொடுத்தாள். வாஹித் நுணுக்குக்காட்டியில் ஒரு நிமிஷம் குனிந்தான். நிமிர்ந்தபோது சுருங்கிய கண்ணும் விரிந்திருந்தது.

"நானா! இவங்கதான்! எனக்கு இவங்கள நல்லாத் தெரியும், பதினேழு தரம் சந்திச்சிருக்கேன்!"

டொக்டர் எழும்பி வந்து தானும் பார்த்தார். திரும்பி உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. மனிதர் சிரிக்கிறார் என்று விளங்க எல்லோருக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது.

"மிஸ்டர் ஷுக்ரி, பிபிலையில் வேறு யாராவது மருந்தடிக்கட்டும். அம்மா, உங்களுக்கு மருந்து இருக்கிறது. ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பிறகும் ஒரு வருஷம் குளிசை விழுங்க வேண்டும். குணமாகும், நிச்சயம் குணமாகும்."

"டின்னுங்களா?"

"டின்னும்."

கனகம் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஷுக்ரி புதுத் தாளை எடுத்தான். கை பரபரத்தது. "ஒங்கட்ட வாற புள்ளைகள்ற பேரச் சொல்லுங்க, கனகாக்கா."

அவளுக்கு அதைவிட இனிப்பான வேலை இல்லை. விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். "எழுதுங்க. லிங்கத்து மக பாக்கியம். அவ கஞ்சியில சீனி கூடக் கேப்பா. பெரிய மாரியாயி மகன், அவனுக்கு இன்னும் பேரே வெக்கல, நான் குட்டித்தொரைன்னு கூப்புடுவேன். எட்டாம் லயத்து ரெட்டப் புள்ளைக, ஒண்ணு அழுதா மத்தது சிரிக்கும். அப்புறம் சிவகாமி, தூளி நின்னாப் போதும் கத்துவா..." ஷுக்ரி எழுதினான். வாஹித் வாசலில் சாய்ந்து கேட்டான். டொக்டர்கூட பேனையை வைத்துவிட்டுக் குட்டித்தொரைக்கு ஒரு தரம் சிரித்தார். இருபத்திரண்டாவது பேர் முடிந்ததும் கனகம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"அம்புட்டுத்தான். எதுக்குங்கய்யா இதெல்லாம்? இதுகளுக்கும் டின்னா?"

"எல்லாப் பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும்" என்றார் டொக்டர். "தோட்டத்துத் துரைக்கு இன்றைக்கே கடிதம் எழுதுங்கள், மிஸ்டர் ஷுக்ரி. பிள்ளைக்காம்பராவில் யாருக்கு வருத்தம் என்று எழுத வேண்டும். பேரோடு."

கனகத்தின் கைகள் விரித்தபடியே சற்று நின்றன. பிறகு மடிக்கு இறங்கின. ஐஸ்பழத்துச் சிவப்பு உதட்டில் இன்னும் இருந்தது. மெதுவாக எழும்பினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"அய்யா" என்றாள் ஷுக்ரியைப் பார்த்து. "நான் கொணமாகி வந்தா, அதுகள என்கிட்டத் திருப்பிக் குடுப்பாங்களா?"

டொக்டர் கடிதத்தாளை அவன் பக்கம் தள்ளினார். ஷுக்ரி திகதியை எழுதினான். அதற்குக் கீழே தோட்டத்தின் பேரை எழுதினான். வாஹித் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு வாசலிலிருந்து விலகி வழி விட்டான். கனகம் இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். படம் பிடிக்கிற அறை எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்காமல், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, கிளினிக் வாசலைத் தாண்டி வெளியே போனாள்.